அப்புத்தளை: யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டுக்குப் போவோருக்கான முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டுக்குச் சுற்றுலா போகும் வான்களில் பெரும்பாலானவை ஒரே கணக்கில்தான் ஓடுகின்றன. இரவு வெளிக்கிடுவது, கண்டியில் காலைச் சாப்பாடு, மத்தியானம் நுவரெலியா, பின்னேரம் எல்ல, அடுத்தநாள் கதிர்காமம். இந்தக் கணக்கில் மலையைப் பார்க்கவென்று ஒரு நேரம் எங்கேயும் ஒதுக்கப்படவில்லை. மலைநாட்டில் காட்சி என்பது விடியலிலிருந்து காலை ஒன்பது, ஒன்பதரை மணி வரைக்கும்தான். அதன் பிறகு போய் நின்றால் முன்னால் வெள்ளை முகில் மட்டுமே இருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் எல்லாமே காலைப்பொழுதைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது: எங்கே தங்குவது, எத்தனை மணிக்கு எழும்புவது, எதை விட்டுவிடுவது என்று எல்லாமே.

தங்குவதற்கு நாங்கள் சொல்லும் ஊர் அப்புத்தளை. பதுளை மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து 1,431 மீற்றர் உயரத்தில், மலைமுதுகின் மேலேயே அமைந்த சிறுநகரம். ஒரு பக்கம் ஊவாவின் மலைகள். மறுபக்கம் நிலம் ஒரேயடியாகக் கீழே இறங்கித் தெற்குச் சமவெளியாக விரிகிறது. வானம் துப்புரவாக இருக்கும் காலையில் உடவளவை நீர்த்தேக்கம் தெரியும். பனிமூட்டத்துக்குக் காரணமும் இந்தச் சரிவுதான். வெயில் ஏற ஏற, சமவெளியின் சூடான ஈரக்காற்று சரிவில் மேலேறிக் குளிர்ந்து முகிலாகிறது. பத்து மணியளவில் அது நகரத்தின் கடைத்தெருவுக்குள்ளேயே வந்துவிடும்.

நுவரெலியாவைவிடக் கூட்டம் குறைவு, எல்லவைவிட அறை வாடகை குறைவு என்பது ஒரு காரணம். கடைக்காரரும் ஓட்டோக்காரரும் பெரும்பாலும் தமிழிலேயே கதைப்பார்கள் என்பது இன்னொரு காரணம். சிங்களம் தெரியாத பெரியவர்களோடு போகும் குடும்பத்துக்கு அது பெரிய ஆறுதல்.

எப்போது போவது

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை முதல் தெரிவு. மழை குறைவு, காலைகள் தெளிவு, இரவுக் குளிர் மட்டும் கூட.

ஜூன் முதல் செப்டெம்பர் வரை மேற்கு மலைச்சரிவில் மழை கொட்டும்போது ஊவாப் பக்கம் வரண்டிருக்கும். ஆனால் காற்று பலமாக வீசும். அப்புத்தளையில் ஜூலை, ஆகஸ்ட் இரவுகளில் கூரைத்தகரம் அடிக்கும் அளவுக்கு. ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுப்பதும் இந்த வரண்ட காற்றுதான். தொழிற்சாலை பார்க்க இதைவிட நல்ல காலம் இல்லை. நல்லூர்த் தீர்த்தம் முடிந்த கையோடு வெளிக்கிடுவது யாழ்ப்பாணத்தாருக்கு நன்றாகப் பொருந்தும்.

சித்திரை விடுமுறையில் போவதானால் அறையை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள். நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம் நடப்பதால் வீதி நெரியும், வாடகை ஏறும். பின்னேரங்களில் இடியோடு மழையும் வரும்.

ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை தவிர்த்துக்கொள்ளுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்டத்து லயன்கள் மண்சரிவில் மண்ணுக்குள் போனது அப்புத்தளையிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலிலும் மலையகம் முழுக்க மண்சரிவு ஏற்பட்டு, ரயில்பாதையும் வீதிகளும் பல இடங்களில் சிதைந்தன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படிகளில் வெளியிடுகிறது. பதுளை அல்லது நுவரெலியா மாவட்டத்துக்குச் செம்மஞ்சள் வந்திருந்தாலே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கட்டிய முற்பணத்தைப் பார்த்து வெளிக்கிட வேண்டாம்.

போய்ச் சேருவது

ரயிலில்: யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு போகும் ரயிலில் ஏறிப் பொல்கஹவெலவில் இறங்கி, கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்கு வரும் பொடி மெனிகே அல்லது உடரட மெனிகே ரயிலைப் பிடிக்க வேண்டும். பொடி மெனிகே கண்டிக்குள் போய்த் திரும்பும். உடரட மெனிகே பேராதனையோடு நேரே மலையேறிவிடும். இரவு ரயிலில் வந்தால் பொல்கஹவெலவில் விடிவதற்கு முன்னரே இறங்கி, நிலையத்தில் காத்திருக்க நேரிடும். சிறுபிள்ளைகளோடு அது கஷ்டம். அப்படியானால் ஒரு இரவு கண்டியில் தங்கி, காலையில் அங்கிருந்து ஏறுங்கள். ஆசன முன்பதிவு 30 நாட்களுக்கு முன் திறக்கும், திறந்த கையோடு முடிந்தும்விடும். பாதை சீராக இருக்கிறதா, ரயில் எதுவரை ஓடுகிறது என்பதைப் புறப்படும் வாரத்திலேயே நிலையத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

பட்டிப்பொலவைத் தாண்டியதும் பாதை ஏறக்குறைய 1,898 மீற்றரில் உச்சியைத் தொட்டு, சுரங்கத்துக்குள் புகுந்து ஓகியாப் பக்கம் வெளியே வரும். ஒரு பக்கம் மழை, மறு பக்கம் வெயில் என்று இந்தச் சுரங்கத்துக்குள் காலநிலையே மாறுவதுண்டு. அங்கிருந்து இதல்கஸ்ஹின்ன, அப்புத்தளை வரைதான் பயணத்தின் உச்சம். நித்திரையாக இருப்பவர்களை எழுப்பிவிடுங்கள். வாசலில் தொங்கிப் படமெடுப்பதை மட்டும் செய்யவேண்டாம். பாறைச் சுவரும் சுரங்க வாயும் பெட்டிக்கு ஒரு முழம்கூட விடாத இடங்கள் இருக்கின்றன.

வானில்: ஏ9 வீதியால் கண்டி 321 கிலோமீற்றர். பிறகு கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியா, அங்கிருந்து வெலிமடை, போரலந்த வழியாக அப்புத்தளை. மொத்தம் 450 கிலோமீற்றர் அளவு. இரவு ஒன்பது, பத்து மணிக்கு வெளிக்கிட்டால் கண்டியில் விடியும். மலைவீதி முழுவதும் பகலில் அமையும். இரண்டு சாரதிகள் கட்டாயம். வழியில் றம்பொடை ஆஞ்சநேயர் கோவிலும், நுவரெலியா தாண்டியதும் சீதாஎலிய சீதையம்மன் கோவிலும், அதையடுத்து 1861இல் தொடங்கிய ஹக்கல தாவரவியல் பூங்காவும் வீதியோரத்திலேயே இருக்கின்றன. இவற்றை வரும் நாளிலேயே பார்த்துவிடலாம். இவற்றுக்குக் காலைத் தெளிவு தேவையில்லை.

மட்டநிலத்தில் ஓடிப் பழகிய சாரதிகளுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது பிரேக்கைப் பற்றி. இறக்கத்தில் காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஓட்டோ கியர் வானென்றால் ‘2’ அல்லது ‘எல்’ போடுங்கள். கருகல் மணம் வந்தால் உடனே ஓரங்கட்டி, அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் சூடான இரும்பு வெடிக்கும். ஒடுக்கமான வளைவில் ஏறிவரும் வாகனத்துக்கே முதலிடம். புறப்படுமுன் பிரேக் எண்ணெயும் பிரேக் கட்டைகளும் பார்க்கப்படாத வானில் ஏறாதீர்கள். அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கும், அங்கிருந்து வெல்லவாயவுக்கும் இறங்கும் வீதியில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

சத்தி எடுப்பவர்களை முன் ஆசனத்தில் இருத்துங்கள். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. மாத்திரை எடுப்பதானால் பாமசியில் கேட்டு வாங்கி, வளைவுகள் தொடங்குவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னரே கொடுக்க வேண்டும். தலை சுற்றத் தொடங்கிய பிறகு கொடுத்துப் பயனில்லை. வாய்க்குப் பருத்தித்துறை வடை நல்லது. எண்ணெய் கசியாது, நாள்கணக்கில் கிடக்கும்.

பையில் வைக்க வேண்டியவை

ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஆறு, ஏழு பாகை குறையும். காற்று அதைவிடக் குளிர்த்தும். அப்புத்தளையில் இரவு 12 முதல் 15 பாகை வரை இறங்கும், ஹோட்டன் சமவெளியில் ஜனவரி, பெப்ரவரி விடியப்புறங்களில் புல்லில் உறைபனிகூடக் காணலாம். ஒரு தடித்த சுவெற்றரைவிட, உள்ளே மெல்லிய பனியன், நடுவில் சுவெற்றர், வெளியே காற்றும் நீரும் புகாத ஜக்கெற் என்று மூன்று படையாகப் போடுவது நல்லது. ஏறும்போது வேர்க்கும், நின்றால் குளிரும். கழற்றிப் போடக்கூடியதாக இருக்க வேண்டும். ஜீன்ஸ் நனைந்தால் நாள் முழுக்கக் காயாது. குளிர் கட்டுவதும் அதில்தான்.

அடியில் பிடிப்புள்ள சப்பாத்து, ஆளுக்கு மூன்று சோடி காலுறை, குரங்குத்தொப்பி, ரோச், சிறிய பிளாஸ்க், மழைக்கோட். காற்றில் குடை நிற்காது. வெயிலும் சுடும்: குளிர்காற்றில் தெரியாது, இரவுதான் முகம் எரியும்.

குழுவாகப் போய்க் காஸ் அடுப்பில் சமைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: இந்த உயரத்தில் தண்ணீர் 95 பாகையளவிலேயே கொதித்துவிடும். சோறு வேக நேரம் எடுக்கும், கடலை, பருப்புக்கு இன்னும் கூட. பிரஷர் குக்கர் கொண்டு போங்கள்.

அட்டை. மழைக்குப் பிறகு புல்லிலும் காட்டுப்பாதையிலும் நூல் தடிப்பில் நிமிர்ந்து நின்று, ஆள் மணம் பட்டதும் தலையை ஆட்டும். சப்பாத்தின் ஓரத்தில் ஏறி, காலுறையின் நெய்தலுக்குள்ளாலேயே நுழையும். கடிப்பது தெரியாது, குடித்துப் பருத்து உருண்டு விழும்போதுதான் காலுறை சிவந்திருப்பதைக் காண்பீர்கள். காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகி, வெளிப்பக்கம் சவர்க்காரத்தைக் காய்ந்தபடி தேய்த்துவிடுங்கள், அல்லது சித்தாலேப பூசுங்கள். கடித்துக்கொண்டிருந்தால் பிடித்து இழுக்க வேண்டாம். மெல்லிய நுனிப்பக்கம்தான் வாய். அதன் அருகே நகத்தைச் சரித்து வைத்துத் தள்ளினால் விடும். உப்பும் தேசிக்காயும் வேலை செய்யும்தான், ஆனால் புண் எரியும். இரத்தத்தை உறையவிடாத பொருளை அட்டை உள்ளே விடுவதால் சிறிது நேரம் கசியத்தான் செய்யும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணியால் அழுத்திக் கட்டினால் போதும். பயப்பட ஒன்றுமில்லை.

முதல் காலை: லிப்டன் சீட்

ஸ்கொட்லாந்துக்காரரான தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கையில் தோட்டங்களை வாங்கினார். தம்பேதன்னத் தொழிற்சாலை அந்த ஆண்டில் எழுந்தது. அவர் இருந்து தோட்டத்தைப் பார்ப்பாராம் என்று சொல்லப்படும் மேடைதான் லிப்டன் சீட். உயரம் ஏறக்குறைய 1,970 மீற்றர்.

பலர் பஸ்ஸில் தம்பேதன்ன வரை போய், அங்கிருந்து 7 கிலோமீற்றர் ஏறுகிறார்கள். முதல் பஸ்ஸை நம்பி ஏறினால் உச்சியைத் தொடும்போது முகிலும் தொட்டுவிடும். எங்கள் யோசனை இதுதான்: ஓட்டோவில் ஏறி, நடந்து இறங்குவது.

முதல்நாள் பின்னேரமே ஓட்டோக்காரருடன் கதைத்து, ஒருவழியா, காத்து நிற்பதா என்பதையும் கூலியையும் தீர்மானித்துவிடுங்கள். விடியப்புறம் நாலே முக்காலுக்கு வெளிக்கிடுங்கள். தொழிற்சாலை வரை பத்துப் பதினொரு கிலோமீற்றர், அதன்பின் ஒடுங்கிய தோட்டப் பாதை. மேலே ஆறு மணிக்கு முன் நிற்க வேண்டும். ஜூனில் ஆறுக்குச் சற்று முன்னரும் பெப்ரவரியில் ஆறரையளவிலும் சூரியன் எழும். முதலில் கிழக்கைப் பார்த்து நின்றாலும், வெளிச்சம் வந்ததும் தெற்கே திரும்புங்கள். மலைவரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலம் மங்கிக்கொண்டு போவது அந்தப் பக்கம்தான். கீழே பள்ளத்தாக்கில் பஞ்சாய்க் கிடக்கும் முகில் மெல்ல அசையத் தொடங்கினால் உங்களுக்கு இன்னும் ஒரு மணித்தியாலமோ ஒன்றரையோதான் இருக்கிறது.

ஏழரைக்கு இறங்கத் தொடங்குங்கள். இரண்டு மணித்தியாலம் போதும். இறக்கத்தில் முழங்கால்தான் வலிக்கும், மூச்சல்ல. முழங்கால் நோயுள்ள பெரியவர்கள் ஓட்டோவிலேயே திரும்பட்டும்.

இறங்கும் வழி முழுவதும் வேலைத்தளம். தேயிலைப் பற்றைகளுக்குள் இறங்க வேண்டாம், கொழுந்தைக் கிள்ள வேண்டாம். கொழுந்து எடுக்கும் அக்காமாரைக் கேட்காமல் படமெடுப்பது நிறைய நடக்கிறது, அது சரியில்லை. அவர்களுக்கு நாட்கூலி எடுத்த கிலோவைப் பொறுத்தது. நீங்கள் மறிக்கும் நேரம் அவர்களின் நிறுவையில் குறையும். லயன் வாசல்கள் வீடுகள், பார்வைக்கூடம் அல்ல. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, பல பத்தாண்டுகள் போராடி உரிமை பெற்ற மக்கள் இவர்கள். நம் மொழி பேசும் நம் மக்கள். வணக்கம் சொல்லி, மரியாதையாகக் கதையுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கிறோம் என்றால் அவர்களே ஊர் விசாரிப்பார்கள்.

ஒன்பதரைக்குத் தொழிற்சாலை வாசலில் நிற்பீர்கள். முகில் மூடும் நேரம் உள்ளே பார்ப்பதற்கு ஏற்றது. ஞாயிறிலும் விடுமுறை நாட்களிலும் இயந்திரம் ஓடாமல் இருக்கலாம், எனவே வேலைநாளில் போங்கள். கொழுந்தை நீண்ட தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றடித்து 12 முதல் 16 மணித்தியாலம் வாட்டுவார்கள். பிறகு உருட்டல், புளிக்கவைத்தல், சூடான காற்றில் காயவைத்தல், சலித்துத் தரம் பிரித்தல். உருட்டும் இடத்தில் பச்சை இலையின் மணம் புளிப்பாக மாறும் நிமிடத்தைக் கவனியுங்கள். அந்த நேரத்தைத் தவறவிட்டால் முழுத் தொகுதியும் கெட்டுவிடும். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ அளவில் கொழுந்து வேண்டும்.

வாங்கும்போது: பால் விட்டுக் கடுமையாகக் குடிப்பவர்களுக்குப் பீ.ஓ.பி.எஃப் அல்லது டஸ்ட் என்ற தரம். வெறுந்தேநீர்க்காரருக்குப் பீ.ஓ.பி. அல்லது நீள இலை ஓ.பி. டஸ்ட் என்றால் குப்பை என்று நினைக்கவேண்டாம். அது மிகச்சிறு துணுக்கு, சாயம் கெதியாக இறங்கும். யாழ்ப்பாணத்தில் திறந்த டப்பாவில் வைத்தால் ஈரம் இழுக்கும். இறுக்கமான தகரத்தில், மசாலாவுக்குத் தூரமாக வையுங்கள்.

இரண்டாம் காலை: உலக முடிவு

உலக முடிவு என்ற பாறை விளிம்பு இருக்கும் ஹோட்டன் சமவெளித் தேசிய பூங்காவுக்கு வானில் போரலந்த, ஓகியா வழியாக நாலு, நாலரைக்கு வெளிக்கிட வேண்டும். வாயில் ஆறு மணிக்குத் திறக்கும். ஓகியா நிலையத்திலிருந்து பூங்கா 11 கிலோமீற்றர். ரயிலில் வந்து நடந்து ஏறுபவர்களும் உண்டு, ஆனால் அவர்கள் போய்ச் சேர முகில் வந்துவிடும்.

வாயிலில் பைகளைச் சோதிப்பார்கள். பொலித்தீன் உள்ளே போகாது. பிஸ்கற் உறை கழற்றப்படும், போத்தலின் மேலுறை உரிக்கப்படும். முதல்நாளே சாப்பாட்டை டப்பாவிலோ வாழையிலையிலோ எடுத்து வைத்தால் வரிசையில் இருபது நிமிடம் மிச்சம். அந்த இருபது நிமிடம் இங்கே பெறுமதியானது.

சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல், மூன்று நாலு மணித்தியாலம். முதலில் சிறிய உலக முடிவு, உலக முடிவு. திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சி. மாற்றிப் போனால் அருவியைப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்க்க வேண்டியதுதான். உலக முடிவின் செங்குத்துச் சரிவு 870 மீற்றர் அளவு. பனி ஈரத்தில் விளிம்புப் பாறை வழுக்கும். பிள்ளைகளின் கையை விடாதீர்கள், பின்னோக்கி நடந்து செல்பி எடுக்காதீர்கள். பாதையைவிட்டுப் புல்வெளிக்குள் இறங்குவது சட்டப்படி குற்றம். மரைகள் வாகனத் தரிப்பிடத்துக்கே வரும், தீனி போட வேண்டாம்.

மூன்றாம் நாள்: களைப்புக்கு ஏற்றபடி

சனி, ஞாயிறு, போயா, பாடசாலை விடுமுறை நாட்களில் அடிஷாம் பங்களா திறந்திருக்கும். நகரத்திலிருந்து மூன்று கிலோமீற்றர். சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய கல்வீடு, இப்போது பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடம். சத்தமின்றிப் பார்த்து, அவர்கள் தயாரிக்கும் ஜாம் வாங்கி வரலாம். முகிலிலும் அழகான இடம், எனவே காலையை இதற்குச் செலவழிக்காதீர்கள்.

எல்ல ரயிலில் ஒரு மணித்தியாலம். 1921இல் இரும்பில்லாமல் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டிய ஒன்பது வளைவுப் பாலம் 91 மீற்றர் நீளம், 24 மீற்றர் உயரம். ரயில் வரும் நேரத்தைக் கேட்டுப் போங்கள், தண்டவாளத்தில் நிற்காதீர்கள். இரண்டு நாள் மட்டும் உள்ளவர்கள் எல்லவை விட்டுவிடலாம்.

நீர்வீழ்ச்சிகளில் பம்பரகந்த 263 மீற்றர், இலங்கையின் மிக உயரமானது. கலுப்பஹனவிலிருந்து ஐந்து கிலோமீற்றர் உள்ளே. தியலும 220 மீற்றர், கொஸ்லந்தை தாண்டி வெல்லவாய வீதியோரத்தில். அதன் மேற்புறத் தடாகங்களில் குளிக்க இளைஞர்கள் போகிறார்கள். நம் பெடியள் கேணியிலும் கடலிலும் நீந்தப் பழகியவர்கள். இங்கே ஆபத்து ஆழமல்ல, இழுவையும் பாசிப்பாறையும். மேலே எங்கோ பெய்த மழைக்கு இங்கே வெயிலடிக்கும்போதே நீர் ஏறும். தெளிந்த தண்ணீர் மண்ணிறமாக மாறினாலோ, சருகு மிதந்து வந்தாலோ உடனே கரையேறுங்கள். விளிம்புக்கு அருகிலுள்ள கடைசித் தடாகத்தில் இறங்கவே வேண்டாம். ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

திரும்புவது

கதிர்காமம் போகிறவர்கள் பெரகலை, வெல்லவாய வழியாக இறங்கலாம். புத்தல ஊடான காட்டுவீதியில் யானை நிற்கும், பகலிலேயே கடந்துவிடுங்கள். நேரே ஊருக்கென்றால் வெலிமடைப் பக்கம் கரட், லீக்ஸ், போஞ்சி வாங்கலாம். கழுவாத கரட்டாகப் பார்த்து எடுங்கள், கழுவியது வவுனியா தாண்டுமுன்னரே வழுவழுக்கும். லீக்ஸைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, காற்றுப்படும் சாக்கில் மேலாக வையுங்கள். காலை ஒன்பதுக்குள் வெளிக்கிட்டால் மலைவீதி முழுவதையும் பகல் வெளிச்சத்திலேயே இறங்கிவிடலாம்.